தலைப்பிரசவத்துக்கு ஒரு ஜீப்

வேளச்சேரி,
நவம்பர் 3, திங்கட்கிழமை.

மதிப்புக்கும் பிரியத்துக்கும் உரிய சம்பந்தி சக்திவேல் அவர்களுக்கும், உடன்பிறக்காவிட்டாலும் தங்கச்சியாகிவிட்ட ரத்னா அவர்களுக்கும், பொன்ராஜ் வணக்கம் சொல்லி எழுதிக்கொண்டது. இங்கே நானும் தங்கமும் சுகம், என் முதுகு ஒன்றைத் தவிர. அங்கே தாங்களும், தங்கச்சியும், மாப்பிள்ளை பாலகணேஷும், எங்கள் மகள் தீபிகாவும், அவள் வயிற்றில் இருக்கும் சின்னவரும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கத் திருச்செந்தூர் முருகனைத் தினமும் காலையில் வேண்டுகிறேன், மழை நாளில் இரண்டு வேளையும்.

அசோக் நகருக்கும் வேளச்சேரிக்கும் நடுவில் எட்டோ ஒன்பதோ கிலோமீட்டர், கையில் போன் இருக்கிறது, இந்த மனுஷன் எதற்குத் தபால் உறையைத் தேடிப் பிடித்து எழுதுகிறான் என்று தாங்கள் நினைக்கலாம். போனில் நான் ஆரம்பித்தால் தாங்கள் "இருங்க சம்பந்தி, ரத்னாகிட்ட குடுக்கேன்" என்கிறீர்கள். தங்கச்சி "மழை நிக்கட்டும் அண்ணே, பாப்போம்" என்கிறார். அதற்குள் தங்கள் பாத்திரக்கடையில் யாராவது இட்லிக் கொப்பரை கேட்டுவிடுகிறார்கள். போனை வைத்த பிறகுதான் எனக்குச் சொல்ல வேண்டியதெல்லாம் நினைவுக்கு வருகிறது. தவிர, நான் தி.நகர் ஜவுளிக்கடையில் முப்பத்துநாலு வருஷம் பட்டுப் பிரிவில் சூப்பர்வைசராக இருந்தவன். அங்கே லீவு வேண்டுமென்றாலும், சேலையில் இழை அறுந்திருந்தாலும், தலைக்கு மேல் மின்விசிறி நின்றுபோனாலும் முதலாளிக்கு எழுதித்தான் கொடுக்க வேண்டும். வாயால் சொன்னது எதுவும் நடந்ததில்லை. எழுதிக் கொடுத்தது எப்போதாவது நடந்திருக்கிறது. அந்த நம்பிக்கையில் எழுதுகிறேன்.

விஷயம் தங்களுக்குத் தெரிந்ததுதான். செப்டம்பரில் வளைகாப்பு முடிந்து, தலைப்பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்குப் போகிற பெண்ணாகத் தீபிகா எங்களோடு கிளம்ப வேண்டிய அன்றைக்கு, மண்டப வாசலில் வைத்துத் தங்கச்சி சொன்னது வார்த்தைக்கு வார்த்தை நினைவிருக்கிறது. "அண்ணே, தப்பா நெனைக்காதீங்க. டிசம்பர் முதல் வாரம்னு டாக்டரம்மா தேதி குடுத்திருக்காங்க. அந்த நேரத்துல வேளச்சேரியில மழை பிடிச்சா படகுதான் வரணும். பிள்ள எங்ககூடவே இருக்கட்டும்." மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டார். தாங்கள் வாழையிலைக் கட்டை எண்ணிக்கொண்டிருந்தீர்கள். கலவைச் சோற்று அண்டாக்கள் ஏற்றிவந்த வேனில் காலி அண்டாக்களும் நானும் தங்கமும் திரும்பி வந்தோம். வீட்டில் அவள் அறைக்கு நான் வெள்ளையடித்து வைத்திருந்தேன். ஏறி இறங்கச் சிரமப்படுவாளே என்று கட்டில் காலை நாலு அங்குலம் அறுத்திருந்தேன். குளியலறையில் பிடித்துக்கொள்ள மூன்று இடத்தில் கம்பி, தரையில் வழுக்காத விரிப்பு, ஜன்னலுக்குக் கொசுவலை, வலைக்கு உள்ளே இன்னொரு வலை. அந்த அறையில் இப்போது தங்கம் துணி காயப்போடுகிறாள். போகும்போதும் வரும்போதும் ஈரத்துணி முகத்தில் படுகிறது. எனக்கு வருத்தம்தான், மறைத்து என்ன ஆகப்போகிறது.

தங்கச்சி சொன்னதில் பொய் இல்லை, அதை ஒத்துக்கொள்கிறேன். 2023 டிசம்பரில் எங்கள் குடியிருப்பு வாசலில் இடுப்பளவு தண்ணீர். நாங்கள் முதல் மாடி என்பதால் வீட்டுக்குள் வராது. ஆனால் மூன்று நாள் கீழே இறங்க முடியவில்லை. நாலாம் நாள் படகில் பால் பாக்கெட் கொண்டுவந்தவரிடம் தங்கம் பால்கனியில் நின்று கறிவேப்பிலை இருக்கிறதா என்று கேட்டாள். கறிவேப்பிலை வீடு என்கிற பேர் எங்களுக்கு இன்னும் போகவில்லை. ஆனால் யோசித்துப் பாருங்கள் சம்பந்தி, வீடு பத்திரமாகத்தான் இருந்தது, வெளியே போகத்தான் வழியில்லை. தீபிகா பார்க்கிற லேடி டாக்டரின் ஆஸ்பத்திரி அடையாறில். அசோக் நகரிலிருந்து அங்கே போவதைவிட எங்கள் வீட்டிலிருந்து ஒன்றரை கிலோமீட்டர் குறைவு, நான் அளந்து பார்த்துவிட்டேன். ஆக, தண்ணீரில் போகிற வண்டி ஒன்று நம்மிடம் இருந்துவிட்டால் தங்கச்சிக்குச் சொல்ல ஒரு காரணமும் மிச்சம் இருக்காது என்று முடிவு செய்தேன். எங்களிடம் இருந்தது ஒரு ஸ்கூட்டர். லைசென்ஸ் மட்டும், முன்பு கடை வேன் ஓட்டியதால், நாலு சக்கரத்துக்கும் இருக்கிறது. புதிய ஜீப் என்றால் பதிவு செய்துவிட்டு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டுமாம். பிள்ளை காத்திருக்காதே. அதனால் பழையது பார்க்கக் கிளம்பினேன்.

திருவான்மியூர் பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஷரஃபுதீன் என்று ஒரு பாய் பழைய வண்டிகள் வாங்கி விற்கிறார். அவருடைய ஷெட்டில் ஒரு குட்டி ஜீப் நின்றது. உசரம் உண்டு, நீளம் இல்லை. இரண்டே கதவு. ஸ்டெப்னி சக்கரம் முதுகில் தொங்குகிறது. காட்டிலும் மேட்டிலும் போகிற ஜாதி என்றார். "சார், மலை ஏறும், மண்ணுல போவும், தண்ணில இறக்கினீங்கன்னா அது பாட்டுக்குப் போய்க்கினே இருக்கும். மேல ஏறிக் குந்திட்டீங்கன்னா ஊரே கீழ தெரியும்." எனக்கு வண்டி பார்க்கத் தெரியாது. தெரியாது என்று காட்டிக்கொண்டால் தலையில் கட்டிவிடுவார்கள் என்று எனக்குத் தெரிந்ததைப் பார்த்தேன். சீட்டுத் துணியை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்துத் தேய்த்தேன். வெளிச்சத்துக்குச் சாய்த்துப் பார்த்தேன். ஓரத்து மடிப்பைத் திருப்பி அங்குலத்துக்கு எத்தனை தையல் என்று எண்ணினேன். பத்து. நூல் ஓர் இடத்திலும் பிரியவில்லை, சாயம் விரலில் ஒட்டவில்லை. "வேலைப்பாடு சுத்தமா இருக்கு பாய்" என்றேன். அவர் என் விரலையும் சீட்டையும் பார்த்துவிட்டு, "பானெட்டத் தொறந்து காட்டட்டா சார்?" என்றார். வேண்டாம் என்றுவிட்டேன். திறந்தால் எனக்கு ஒன்றும் தெரியாது என்பது அவருக்குத் தெரிந்துபோகும். சீட்டுத் துணி போன மாதம்தான் மாற்றியது என்பதும், வண்டியில் வயசாகாத சாமான் அது ஒன்றுதான் என்பதும் பின்னால் மெக்கானிக் சொல்லித் தெரிந்தது.

இந்த ஜீப்பில் கியர்க்கம்பி இரண்டு. ஒன்று சாதாரணக் கியர். மற்றது நாலு சக்கரத்துக்கும் சேர்த்து இழுவை கொடுப்பது. சேற்றிலும் தண்ணீரிலும் அதைப் போட்டால்தான் வண்டி போகும், அதற்காகத்தான் நான் வாங்கியதே. வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகு அதைப் போட்டுப் பார்த்தேன். அசையவில்லை. இரண்டு கையாலும் இழுத்தேன். என் முதுகுதான் அசைந்தது. ஷரஃபுதீனுக்குப் போன் போட்டால் அவர் சந்தோஷமாகச் சொல்கிறார், "அது எப்டி சார் அசையும், யாரும் போட்டதே இல்லியே. மைலாப்பூர் பார்ட்டி வண்டி சார் அது. வாரத்துக்கு ஒருவாட்டி கோயிலு, மாசத்துக்கு ஒருவாட்டி பேங்க்கு, அவ்ளோதான். மண்ணையே பாக்காத வண்டி. இந்தக் காலத்துல அப்டி கிடைக்குமா?" மண்ணைப் பார்க்காத காட்டு வண்டியை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது என்று கேட்டேன். "எண்ணெ உட்டு வைங்க சார், தானா இளகும்" என்றார். ஒரு வாரம் எண்ணெய் விட்டேன். கார் முழுக்க நல்லெண்ணெய் வாடை. பாய் சொன்னது வேறு எண்ணெயாம்.

தங்கம் வண்டியைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "இதுல எங்கிட்டுக் கூடி ஏறதுக்கு?" என்று கேட்டாள். நியாயமான கேள்வி. படி என் முழங்காலுக்கு மேலே இருக்கிறது. பின்சீட்டுக்குப் போக வேண்டுமென்றால் முன்சீட்டை மடக்கி, தலையைக் குனிந்து, ஒரு காலை உள்ளே விட்டு, மற்ற காலை எங்கே வைப்பது என்று யோசிக்க வேண்டும். நிறைமாதப் பெண்ணுக்கு முன்சீட்டுதான் என்று வைத்துக்கொண்டு, முதலில் தங்கத்தை ஏற்றிப் பார்த்தேன். அவள் மாசமாக இல்லை, ஆனால் முழங்கால் வலி இருக்கிறது, ஏறக்குறைய அதே சிரமம். பிளாஸ்டிக் ஸ்டூல் போட்டேன். ஸ்டூலில் ஏறினாள், படியில் ஒரு காலை வைத்தாள், அங்கேயே நின்றுவிட்டாள். மேலும் போக முடியவில்லை, கீழும் வர முடியவில்லை. நான் உள்ளேயிருந்து கையைப் பிடித்து இழுக்க, காலை நடைக்கு வந்த எங்கள் குடியிருப்போர் சங்கச் செயலாளர் நீரஜா மேடம் நடையை நிறுத்திவிட்டுக் கீழேயிருந்து தாங்கிக்கொள்ள, ஏழு நிமிஷத்தில் உட்கார்ந்துவிட்டாள். இறங்க எவ்வளவு நேரம் ஆனது என்று நான் குறிக்கவில்லை. இட்லியை அவளுக்கு வண்டிக்குள்ளேயே கொடுத்தேன் என்பது மட்டும் நினைவிருக்கிறது. தீபிகா எடை கம்மி, வயசும் கம்மி, அவளுக்கு மூன்று நிமிஷம் போதும் என்பது என் கணிப்பு.

வண்டி இருந்தால் மட்டும் போதுமா, வழி பழக வேண்டாமா. அதனால் வீட்டிலிருந்து அடையாறு ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் ஒத்திகை பார்த்தேன். பள்ளிக்கூடம் விடும் நேரம் ஒருமுறை, ஆபீஸ் நேரம் ஒருமுறை, ஞாயிற்றுக்கிழமை ஒருமுறை, இப்படி எட்டு முறை. ஒவ்வொரு முறையும் தங்கம் பக்கத்தில். ஒரு தலையணையை வயிற்றில் கட்டிக்கொள் என்றேன். முடியாது என்றாள். மடியில் வைத்துக்கொள்ள மட்டும் சம்மதித்தாள். வண்டி எவ்வளவு குலுங்குகிறது என்று தெரிய வேண்டுமே என்று ஒரு சொம்பில் முக்கால்வாசி தண்ணீரும் கொடுத்தேன். எங்கள் ரோட்டைத் தாங்கள் பார்த்திருக்கிறீர்கள். ஆஸ்பத்திரி போய்ச் சேரும்போது சொம்பு காலி, தலையணை ஈரம், தங்கம் அதைவிட ஈரம். மெதுவாகப் போனால் குலுங்குவதில்லை, ஆனால் ஒரு மணி பத்து நிமிஷம் ஆகிறது, மத்திய கைலாஷ் சிக்னலில் தண்ணீர் லாரிக்காரன் இறங்கிவந்து உடம்பு சரியில்லையா என்று விசாரிக்கிறான். வேகமாகப் போனால் இருபத்தெட்டு நிமிஷம், ஆனால் குலுங்குகிறது. இரண்டுக்கும் நடுவில் ஒரு வேகம் இருக்க வேண்டும், அதைத்தான் தேடிக்கொண்டிருக்கிறேன். முதல் தடவை போனபோது ஆஸ்பத்திரிக் காவலாளி சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு ஓடிவந்தார். நன்றி சொல்லிவிட்டுத் திரும்பி வந்தோம். மறுபடியும் ஓடிவந்தார். ஆறாவது தடவை அவர் நாற்காலியை எடுக்கவில்லை. ஜன்னல் பக்கம் குனிந்து, "இன்னா சார், அம்மாக்கு இன்னும் ஆவலியா?" என்றார். அம்பத்தெட்டு வயசுப் பெண்பிள்ளையிடம் கேட்கிற கேள்வியா. ஏழாவது, எட்டாவது ஒத்திகைக்குத் தங்கம் முகத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு வந்தாள்.

இப்போது தங்கள் காதுக்கு எப்படியும் வரப்போகிற ஒன்றை நானே சொல்லிவிடுகிறேன். தீபாவளிக்கு மறுநாள் சிவப்பு எச்சரிக்கை வந்ததே, அன்றைக்கு நடந்தது. எச்சரிக்கை என்றால் வேளச்சேரியில் எல்லோரும் காரை எடுத்துக்கொண்டுபோய் மேம்பாலத்தின் மேல் வரிசையாக நிறுத்திவிட்டு வந்துவிடுவார்கள், தண்ணீர் ஏறாதே என்று. பால், பிரெட், மெழுகுவர்த்தி, பாலத்தில் இடம், இந்த நாலும் முதல் ஒரு மணி நேரத்தில் தீர்ந்துபோகும். இத்தனை வருஷமும் எனக்குக் கார் கிடையாது என்பதால் ஓடுகிறவர்களை மாடியில் நின்று வேடிக்கை பார்த்தவன். இந்தத் தடவை நீரஜா மேடம் வாட்ஸப்பில், "எல்லாரும் வண்டியை உடனே பாலத்துக்குக் கொண்டுபோங்க, இன்னும் கொஞ்ச இடம்தான் இருக்கு" என்று போட்டதும் எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. சாவியை எடுத்துக்கொண்டு சட்டைப் பொத்தானைப் படியிலேயே போட்டுக்கொண்டு இறங்கினேன். பின்னாலிருந்து தங்கம் ஏதோ கேட்டாள், காதில் வாங்கவில்லை. நல்ல மேடான இடமாக, ஒரு வெள்ளைக் காருக்கும் தண்ணீர் கேன் போடுகிற வண்டிக்கும் நடுவில் நுழைத்து, பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கல் வைத்து, தார்ப்பாய் போர்த்திக் கயிறு கட்டி, பக்கத்தில் நின்றவரிடம் ஒரு கண் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, கணுக்கால் தண்ணீரில் நடந்து, தொப்பலாக நனைந்து வீடு வந்து சேர்ந்தேன். மனசுக்கு நிறைவாக இருந்தது. தலையைத் துவட்டிக்கொண்டிருக்கும்போது தங்கம் நிதானமாகக் கேட்டாள். "வெள்ளத்துல போகத்தான வண்டி வாங்குனீங்க. வெள்ளம் வருதுன்னதும் அதக் கொண்டுபோய் எங்க விட்டுட்டு வாரீங்க?" நான் துண்டைத் தலையிலிருந்து எடுக்கவில்லை. கொஞ்ச நேரம் அப்படியே அதற்குள்ளேயே இருந்தேன்.

உடனே திரும்பிப் போனேன், இந்தத் தடவை முழங்கால் தண்ணீரில். அதற்குள் பாலத்தில் வரிசைக்கு மேல் வரிசை. என் ஜீப்புக்கு முன்னால் ஒரு விரல் இடம் இல்லை, பின்னாலும் இல்லை. வெள்ளைக் காரின் கண்ணாடியில் இருந்த நம்பருக்குப் போன் போட்டேன். "மழை நின்னாதான் சார் எடுப்பேன், இப்ப நான் மதுரைக்கு ரயில்ல போய்ட்டு இருக்கேன்" என்றார். ரோட்டுத் தண்ணீரில் நடந்து களைத்துப்போய், குடைக்குள் நின்றுகொண்டு ஷரஃபுதீனுக்குப் போட்டேன், இந்த வண்டியை உண்மையில் தண்ணீரில் இறக்கலாமா, இன்ஜினுக்கு ஒன்றும் ஆகாதே என்று. அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "சார், கோச்சுக்காதீங்க. நீங்க தண்ணில போவ வாங்குனீங்களா, தண்ணியப் பாத்துப் பயந்துக்கினே இருக்க வாங்குனீங்களா?" என்றார். இரண்டுக்கும்தான் பாய் என்றேன். மூன்று நாள் வண்டி பாலத்தின் மேல் நின்றது. இதில் கொடுமை என்னவென்றால் அந்தத் தடவை தண்ணீர் முழங்காலுக்கு மேல் ஏறவில்லை, மறுநாள் மத்தியானமே வடிந்துவிட்டது. தெருவில் ஆட்டோ ஓடியது, பால் வண்டி வந்தது, கேஸ் சிலிண்டர் வந்தது, நீரஜா மேடத்தின் தம்பி ஸ்கூட்டியில் வந்துபோனார். வேளச்சேரியிலேயே நகர முடியாமல் இருந்தது வெள்ளத்துக்கென்று வாங்கிய என் வண்டி ஒன்றுதான்.

ஆனால் எல்லாவற்றையும் சரி செய்துவிட்டேன் சம்பந்தி. இனி எத்தனை சிவப்பு எச்சரிக்கை வந்தாலும் வண்டியைப் பாலத்துக்கு ஏற்ற மாட்டேன் என்று தங்கத்திடம் கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்திருக்கிறேன். ஷரஃபுதீன் அனுப்பிய மெக்கானிக் வந்து சம்மட்டியால் ஒரு தட்டுத் தட்டி அந்த இரண்டாவது கம்பியை நகர்த்திவிட்டார். இப்போது நாலு சக்கரமும் இழுக்கிறது. பழையபடி இரண்டு சக்கரத்துக்குத் திரும்ப மாட்டேன் என்கிறது, அதனால் வளைவில் திருப்பக் கொஞ்சம் பலம் வேண்டியிருக்கிறது, கடகடவென்று ஒரு சத்தமும் வருகிறது, பெட்ரோல் பங்க்காரர் சிநேகமாகிவிட்டார். அதெல்லாம் பெரிதில்லை. ஏறுவதற்கு மூன்று படி வைத்த மரப்பலகை ஒன்று ஆசாரியிடம் சொல்லியிருக்கிறேன், இந்த வாரம் வந்துவிடும். ஆக, வெள்ளம் என்கிற காரணம் இனிமேல் செல்லாது. தங்கச்சியின் மனசு கொஞ்சம் கல்தான் என்று நான் வெளியே யாரிடமும் சொன்னதில்லை. தங்கத்திடம் மட்டும் சொல்லியிருக்கிறேன், தினமும். பெற்றவர்கள் இரண்டு பேர் வேளச்சேரியில் ஈரத்துணியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க, மண்டப வாசலில் வைத்து அப்படி ஒரு வார்த்தையில் பிள்ளையைத் திருப்பிக் கூட்டிக்கொண்டு போனது சரியா என்று தங்கச்சியே யோசித்துப் பார்க்கட்டும்.

கடைசியாக ஒன்று. தீபிகா பிறந்தது ஆடித் தள்ளுபடி நேரம். தங்கம் பிரசவத்துக்கு அவள் அம்மா வீட்டில், தூத்துக்குடியில். லீவுக்கு எழுதிக் கொடுத்தேன். முதலாளி அந்தத் தாளிலேயே "ஆடி முடியட்டும்" என்று எழுதித் திருப்பிக் கொடுத்தார். பெண் பிறந்திருக்கிறது என்று கடைக்குப் போன் வந்தபோது நான் ஒரு கல்யாணக் கோஷ்டிக்கு நாற்பதாவது சேலையைப் பிரித்துக் காட்டிக்கொண்டிருந்தேன். பிள்ளையைப் பார்த்தது பத்தொன்பதாம் நாள். அதற்குள் அவள் முகம் வேறு முகமாகிவிட்டது என்று தங்கம் சொன்னாள், முதல் முகம் எனக்குத் தெரியாது. இந்தத் தடவை எனக்கு யாரும் லீவு தர வேண்டியதில்லை. அவள் என் வீட்டிலிருந்து கிளம்ப வேண்டும், நான் ஓட்டிக்கொண்டு போக வேண்டும், வாசலில் நிற்க வேண்டும். என் ஆசை அவ்வளவுதான். அதற்கு வேறு பெரிய காரணம் எதுவும் இல்லை.

இதைப் படித்து, இருவரும் கலந்து பேசி, வருகிற வளர்பிறையில் ஒரு நல்ல நாளாகப் பார்த்துத் தீபிகாவை அனுப்பி வைக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். சொன்னால் நானே ஜீப்பில் வந்து கூட்டிக்கொள்கிறேன், வேண்டாமென்றால் டாக்ஸியில் வருகிறேன். தங்கள் கடையில் வியாபாரம் பெருகட்டும். தங்கச்சிக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கட்டும். மாப்பிள்ளைக்கு எங்கள் அன்பு. மகளுக்கும் சின்னவருக்கும் கோடி ஆசீர்வாதம். அன்றைக்கு மண்டபத்தில் நான் முகத்தைத் திருப்பிக்கொண்டதாகத் தங்கச்சிக்குத் தோன்றியிருந்தால், அது வெயில்.

தங்கள் சம்பந்தி,
த. பொன்ராஜ்

பி.கு.: உறையில் போடுவதற்கு முன்னால் தங்கத்திடம் மேலே உள்ளதைப் படித்துக் காட்டினேன். முருங்கைக்கீரை உருவிக்கொண்டே கேட்டாள். ஆஸ்பத்திரிக் காவலாளி வரும் இடத்தில் முறைத்தாள், பாலம் வரும் இடத்தில் சிரித்தாள். தங்கச்சியைப் பற்றி எழுதிய இடம் வந்ததும் கீரையைத் தட்டில் போட்டுவிட்டு, "இத அனுப்பாதீங்க" என்றாள். ஏன் என்றேன். தட்டை எடுத்துக்கொண்டுபோய் அடுப்படியில் வைத்துவிட்டு வந்தாள். அப்புறம் சொன்னாள். "அனுப்பமாட்டேன்னது ரத்னா மதினி இல்ல. வரமாட்டேன்னது உங்க மக."

வளைகாப்புக்கு ஒரு வாரம் முன்னால் தீபிகா அவள் அம்மாவுக்குப் போன் செய்திருக்கிறாள். "அம்மா, அப்பா பக்கத்துல இருந்தா எனக்குப் பயமா இருக்கும்மா. நான் இருமினாக்கூட டாக்டருக்குப் போன் பண்றாரு. அவர் மூஞ்சியப் பாத்தாலே எனக்கு ஏதோ ஆகப்போவுதுன்னு தோணுது. இங்க அத்தை அவங்க பாட்டுக்கு சீரியல் பாக்கறாங்க, எனக்கு நிம்மதியா இருக்கு. அப்பாகிட்ட மட்டும் சொல்லிடாத, தாங்க மாட்டாரு." இதைத் தங்கம் ரத்னாவிடம் சொல்லி என்ன செய்வது என்று கேட்டிருக்கிறாள். ரத்னா சொன்னாராம், "நான் சொன்னதா இருக்கட்டும் தங்கம். வெள்ளம்னு சொல்லிருதேன். அண்ணன் எம்மேல கோவிச்சா கோவிச்சுட்டுப் போறாரு. மகமேல கோவிக்க வேண்டாம்."

மேலே எழுதியதை முதலிலிருந்து நானே ஒருமுறை படித்துப் பார்த்தேன். பிள்ளை சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. கொஞ்ச நேரம் கஷ்டமாக இருந்தது, இப்போதும் இருக்கிறது, பழகிவிடும். கிழித்துப் போட்டுவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் தங்கச்சி, இரண்டு மாதம் என் கோபத்தை வாயைத் திறக்காமல் வாங்கிக்கொண்டீர்களே, அந்தக் கோபம் எவ்வளவு என்று உங்களுக்குத் தெரிந்தால்தான் என் நன்றி எவ்வளவு என்று தெரியும். போனில் எனக்கு இது வராது. அதனால் அப்படியே அனுப்புகிறேன். கேட்டது எல்லாம் ரத்து. பிள்ளையை அனுப்ப வேண்டாம், உங்களோடேயே இருக்கட்டும். வலி கண்டால் தங்கத்துக்கு ஒரு போன் செய்யுங்கள், இரண்டு பேரும் ஆட்டோவில் வந்துவிடுகிறோம். நான் கீழே கேன்டீனில் இருக்கிறேன். அவளாகக் கூப்பிட்டால் வருகிறேன்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன், இதை மட்டும் மறுக்க வேண்டாம். எனக்குத் தெரிந்துவிட்டது என்று அவளுக்குத் தெரிய வேண்டாம். அவள் கேட்டால் வேளச்சேரியில் தண்ணீர் நிற்கிறது, அதனால்தான் அனுப்பவில்லை என்றே சொல்லுங்கள். இந்த வருஷம் இனி ஒரு சொட்டு மழை பெய்யாவிட்டாலும் நானும் அதையே சொல்கிறேன்.